ஒரு தடவைதான் கேட்பார்கள்

பெண்கள் விடுதிக்கு வெந்நீர் இருபத்திரண்டு வாளி. காலை ஐந்தரைக்குள் வந்துவிட வேண்டும்.

பாய்லர் மேட்டில், ஆண்கள் விடுதிக்குப் பின்னால் இருந்தது. பெண்கள் விடுதி அங்கிருந்து அறுபத்தெட்டுப் படி கீழே. நடுவில், சரியாக முப்பத்து நான்காவது படியில் ஒரு சிமெண்டு மேடை கட்டியிருந்தார்கள். மேலிருந்து வருகிறவர் இரண்டு வாளிகளை அந்த மேடையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கீழிருந்து வருகிறவள் அவற்றை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். நின்று பேசக் கூடாது. அந்த வேதாகமப் பள்ளியில் மழையும் மூடுபனியும் போக மிச்சம் இருந்ததெல்லாம் விதிதான்.

கடைசி ஆண்டில், மேலிருந்து வாளி கொண்டுவரும் வேலை ஒரு மெக்கானிக்கின் மகனுக்கு வந்தது. நாலு மணிக்கே எழுந்து விறகு மூட்டுவதால் அவன் கம்பளிச் சட்டையில் எந்நேரமும் புகை வாசம் அடிக்கும். வகுப்பில் அவனுக்குப் பேர் பாய்லர். கீழிருந்து ஏறும் வேலை ஓர் ஆணிக்கடைக்காரரின் மகளுக்கு. அவளுக்குப் பேர் தராசு.

அந்தப் பேர் சேர்ந்த முதல் மாதமே ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாட்சிக் கூட்டம் நடக்கும். அந்த வாரம் கர்த்தர் தனக்கு என்ன செய்தார் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். தலைவலி நின்றது, பரீட்சையில் தேறியது, வீட்டிலிருந்து பார்சல் வந்தது என எல்லாம் அவர் செயலாக வரிசையாக வந்தன. இவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. நர்ஸக்கா மாத்திரை கொடுத்தாங்க. ரெண்டு நாள்ல இறங்கிடுச்சு. குணமாக்கினது கர்த்தரா மாத்திரையான்னு எனக்குச் சரியா தெரியல. ரெண்டுக்கும் நன்றி."

கூடம் சிரித்தது. ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு முப்பத்தைந்து வயதில் படிக்க வந்திருந்த நர்ஸக்கா எழுந்து, "மாத்திரை சார்பா நன்றியை நான் ஏத்துக்கறேன்" என்றாள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பள்ளியில் எல்லோருக்கும் அவர் அம்மா. இந்தப் பெண்ணுக்கு இன்னும் மனது திறக்கவில்லை என்று அம்மா வருத்தப்பட்டார்.

விசுவாசம் இல்லாமல் அவள் மலையேறி வரவில்லை. சேர்க்கைப் படிவத்தில், 'உங்களை ஊழியத்துக்கு அழைத்தது எது?' என்று ஒரு கேள்வி இருந்தது. மற்றவர்கள் அதற்குத் தரிசனம், கனவு, குரல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். இவள் 'ஆசை' என்று ஒரே சொல் எழுதினாள். முதல்வர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் சேர்த்துக்கொண்டார்.

அப்பாவுக்கு அதில் பெருமை. அவர் கடையில் ஆணியும் கம்பியும் எடைக்கு விற்கிற பொருள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள்தான் தட்டில் ஆணி அள்ளிப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒவ்வொரு மாணவிக்கும் மூன்று நிமிடம் போன் பேச அனுமதி. அவளிடம் அப்பா கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்னம்மா, இந்த வாரம் என்ன எடை போட்டே?"

அவள் சனிக்கிழமை சொன்னதை அப்படியே சொல்வாள். அவர் கடையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிறமாதிரிச் சிரிப்பார்.

இருபத்திரண்டு வாளி, ஒரு தடவைக்கு இரண்டு. ஆகப் பதினோரு நடை. நின்று பேசக் கூடாது என்றுதான் விதி இருந்தது. வாளியை வைக்கும்போதும் எடுக்கும்போதும் வாய் திறக்கக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நடைக்கு ஒரு வாக்கியம் என்று அவர்கள் பேச்சு வளர்ந்தது.

"இன்னிக்குக் கிரேக்கப் பரீட்சை சிஸ்டர்."

வாளி.

"படிச்சீங்களா பிரதர்?"

வாளி.

"படிச்சேன். மண்டையில நிக்கல."

மறுநாள் அவள், காலி வாளியின் அடியில் ஒரு சீட்டை ஒட்டவைத்து மேலே அனுப்பினாள். வினைச்சொல் அட்டவணை. அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான். வாரம் ஒரு சீட்டு போனது. அவன் பாய்லர் வெளிச்சத்தில் படித்து, ஓரத்தில் சந்தேகங்களை எழுதித் திருப்பி அனுப்பினான். ஒரு வாரம் பாடப்புத்தகத்தின் வரிசைப்படி, 'நேசிக்கிறேன்' என்று தொடங்கும் அட்டவணை வந்தது. வேறொன்றைத் தேடி எழுதுவது பொய் ஆகிவிடும் என்று ஆறு வரியையும் அப்படியே எழுதி அனுப்பினாள். சீட்டு திரும்பி வந்தபோது ஆறு வரியிலும் பென்சிலால் சரி போட்டிருந்தான். முதல் வரியில் மட்டும் பென்சில் கொஞ்சம் அழுந்தியிருந்தது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை, பதினோராவது நடையில் வந்த ஒரு வாளிக்கு மூடி இருந்தது. எண்ணெய் டின்னை வெட்டி, விளிம்பைக் கை கிழிக்காமல் மடித்துத் தட்டிய மூடி. எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகக் குளிக்கிறவள் அவள்தான்; அதற்குள் அவள் பங்கு ஆறிப்போய்விடும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏண்டி, எங்க வாளி எல்லாம் மொட்டைத்தலை, உன் வாளி மட்டும் தொப்பி போட்டுக்கிட்டு வருது?" என்று கேட்டாள் நர்ஸக்கா.

"ஆறாம இருக்க."

"வாளியா, நீயா?"

அவள் யோசித்தாள். "ரெண்டும்" என்றாள்.

படிப்பு முடிய நான்கு மாதம் இருந்தபோது, ஒரு விடியற்காலையில் முதல் நடையிலேயே அவன் குரல் மாறியிருந்தது.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும்."

இரண்டாவது நடையில், "சொல்லுங்க பிரதர்" என்றாள்.

அதன்பின் நான்கு நடைக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவதில் வாளியைக் கீழே வைக்காமலே நின்றான். "நான் ஐயாகிட்ட ஒரு கடிதம் கொடுக்கலாம்னு இருக்கேன்."

அது என்ன கடிதம் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாணவனுக்கு ஒரு மாணவியை மணக்க எண்ணம் வந்தால், அவளிடம் பேசக் கூடாது. கர்த்தர் தன்னை அவள் பக்கம் நடத்துகிறார் என்று முதல்வருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். மூன்று நாள் அவள் உபவாசமிருந்து ஜெபித்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரு தடவைதான் கேட்பார்கள்.

எட்டாவது நடையிலும் ஒன்பதாவதிலும் அவள் வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பத்தாவதில் வாளி மேடை விளிம்பில் இடித்து வெந்நீர் காலில் சிந்தியது.

"சுட்டுடுச்சா?"

"இல்ல. கொஞ்சம்."

பதினோராவது நடையில் அவன் மூடி போட்ட வாளியை வைத்துவிட்டு, நிமிராமல் நின்றான்.

"எழுதுங்க" என்றாள்.

அவன் இரண்டிரண்டு படியாகத் தாண்டிக்கொண்டு மேலே ஓடியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. வழுக்குகிற படி. விழுந்து தொலைக்கப் போகிறான் என்று பயமும் வந்தது.

மூன்றாம் நாள் தையல் அறைக்கு வரச்சொல்லி அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. பட்டமளிப்புக்கான வெள்ளை அங்கிகளை அம்மாதான் தைப்பார். அவளை ஸ்டூலில் ஏற்றி நிற்கவைத்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, கீழ் மடிப்புக்குச் சாக்கட்டியால் கோடு போட்டார். கடைசி ஊசியையும் குத்திய பிறகுதான் பேசினார்.

"ஒரு பிரதர் உன்னைக் குறிச்சு எழுதிக் கொடுத்திருக்காரு." யார் என்று சொன்னார். "கர்த்தர் உனக்கு ஏதாவது காட்டியிருக்காரா? இப்ப பதில் வேண்டாம். மூணு நாள் காத்திரு."

"சரிம்மா."

"யார்கிட்டயும் பேசாதே. யாரும் உன் மனசைக் கலைக்கக் கூடாது."

விடுதிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன ஜெப அறை ஒன்று இருந்தது. ஒரு பாய், ஒரு ஜன்னல். மூன்று நாளும் வகுப்பு முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்தாள். அந்த மூன்று நாள் அவளுக்கு வாளி வேலையும் இல்லை. உண்மையாகவே காத்திருந்தாள். முதல் நாள் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. இரண்டாம் நாள் ஓர் எலி, அப்புறம் தன் வயிறு. மூன்றாம் நாள் மழை விட்டிருந்ததால் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் நினைப்பு வந்தது. அது முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது. தன் நினைப்பை எடுத்து, இது அவருடைய குரல் என்று எப்படிச் சொல்வது?

நர்ஸக்கா குளுக்கோஸ் கரைத்த தண்ணீரோடு உள்ளே எட்டிப்பார்த்தாள். "உபவாசத்துல தண்ணி குடிக்கலாம். குடி. ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லக்கா."

"ஆமான்னு சொல்லிட்டு வாடி."

"கேக்கலையே."

நர்ஸக்கா அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியில நோயாளிகிட்ட கேப்போம், வலி பத்துக்கு எவ்வளவுன்னு. ஆறும்பான், எட்டும்பான். யார்கிட்டயும் அளவுகோல் கிடையாது. வாய்க்கு வந்த நம்பர்தான். நாங்களும் எழுதிக்கிட்டு மருந்து கொடுப்போம். வலி நிஜம், நம்பர்தான் சும்மா. இதுவும் அப்படித்தான். போன வருஷம் கல்யாணம் ஆன நாலு ஜோடியும் ஆமான்னு சொன்னவங்கதான். எல்லாருக்கும் வானத்துலேருந்து தந்தியா வந்துச்சு?"

"வலியைப் பத்தி வாய்க்கு வந்ததைச் சொன்னா அது நம்ம வலி அக்கா. இது அவர் பேரு."

"அப்ப என்னதான் பண்ணப்போறே?"

"கேக்கலன்னு சொல்லுவேன். அப்புறம் அம்மா, உனக்குப் பிடிச்சிருக்கான்னு கேப்பாங்க. அதுக்கு ஆமான்னு சொல்லுவேன். அதை நல்லா யோசிச்சு வச்சிருக்கேன்."

"பிடிச்சிருக்கான்னு கேக்கலன்னா?"

"அதைக் கேக்காம யாராவது கல்யாணம் பண்ணி வைப்பாங்களா அக்கா?"

நர்ஸக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் தையல் அறையில் அம்மா அவள் அங்கியின் மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லும்மா. கர்த்தர் காட்டினாரா?"

"எனக்கு எதுவும் காட்டலம்மா." மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா எனக்கு..." என்று தொடங்கினாள்.

அம்மா சட்டென்று எழுந்துவந்து இரண்டு விரலை அவள் உதட்டின் மேல் வைத்தார். விரலில் சாக்கட்டி வாசம் இருந்தது.

"வேண்டாம். காரணம் சொல்லாதே. என் தங்கச்சியை இதே கேள்வி கேட்டாங்க. அவ இல்லைன்னா. ஏன் இல்லைன்னு கேட்டாங்க. ஏழு பெரியவங்க, ஏழு தடவை. ஏழாவது தடவை தலையாட்டினா. இப்ப அவளுக்கு நாப்பத்தஞ்சு வயசு, இன்னும் அந்த மனுஷனுக்கு முன்னால தலையைத்தான் ஆட்டிக்கிட்டு இருக்கா." அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் இங்க வந்து சண்டை போட்டு வாங்கின விதி இது. ஒரு பொண்ணு இல்லைன்னா இல்லை. மறுபடி கேக்கக் கூடாது, காரணம் கேக்கக் கூடாது. நீ பயப்படாதே. இனிமே உன்னை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நான் இருக்கேன்."

அம்மா அவளை அணைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் அவரை விலக்கிவிட்டுப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக் காலையில் பதினோரு நடை இருக்கிறது. அவனிடமே சொல்லிவிடலாம், அவன் ஐயாவிடம் சொல்லட்டும் என்று நினைத்தபடி விடுதிக்கு நடந்தாள்.

மறுநாள் விடியற்காலையில் மேடையில் வந்து நின்றது பள்ளித் தோட்டக்காரர். ஒரு கையில் வாளி, மறு கை இடுப்பில்.

"ஐயா, பாய்லர் பிரதர் எங்க?"

"விறகுக் கொட்டகைக்கு மாத்திட்டாங்களாம். மூட்டுவலிக்காரனைப் பார்த்து வாளி தூக்குன்னு சொல்ற ஊர் இது. பாதி தண்ணி படியிலேயே போச்சு. பிடிம்மா."

வாளியில் மூடி இல்லை. அவர் ஒரு வாளியாகத்தான் தூக்கினார். இருபத்திரண்டு நடை. ஒவ்வொரு நடையிலும் மேலே பார்த்தாள்.

"இப்பவே போ," என்றாள் நர்ஸக்கா, விஷயத்தைக் கேட்டதும். தலைகூட வாரவிடவில்லை. "அம்மாகிட்ட போகாதே. நேரா ஐயாகிட்ட போ."

முதல்வர் அறையில் விறகு அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அவர் முழங்காலில் போர்வை போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. இரண்டும் ஒரே கையெழுத்து. வாரா வாரம் சீட்டின் ஓரத்தில் பார்த்த கையெழுத்து.

"ஐயா, நேத்து அம்மா கேட்டதுக்கு நான் சரியான பதில்தான் சொன்னேன். ஆனா அந்தக் கேள்வி போதாது."

"எப்படிம்மா போதாது?"

"கர்த்தர் காட்டினாரான்னு கேட்டாங்க. எனக்குப் பிடிச்சிருக்கான்னு யாரும் கேக்கல. பிடிச்சிருக்கு ஐயா. ரொம்ப நாளா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இதை நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா."

பிறகு மெதுவாகச் சொன்னார். அம்மா வந்து பதிலைச் சொன்னதும் அவனைக் கூப்பிட்டு அனுப்பினாராம். அவளுக்குக் கர்த்தர் எதுவும் காட்டவில்லை என்றதும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டானாம்.

"'அந்த சிஸ்டர் பொய் சொல்ல மாட்டாங்க ஐயா'ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, 'எனக்கும் எதுவும் காட்டல, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்கன்னு நானும் எழுதிட்டேன், கர்த்தர் பேர்ல பொய் சொல்லிட்டேன்'னு அழுதான். முதல் கடிதத்தை வாபஸ் வாங்கி ரெண்டாவது எழுதிக் கொடுத்தான். ஆத்துக்கு அந்தப் பக்கம் புது ஊழியத்துக்கு ஆள் கேட்டு ரெண்டு வருஷமாச்சு. கல்யாணம் ஆகாத ஆளா வேணும், அஞ்சு வருஷம் இருக்கணும். யாரும் போகல. இவன் போறேங்கறான். பட்டம் வாங்கக்கூட நிக்காம, சனிக்கிழமை பஸ்ஸுக்கே. ராத்திரியே அவங்களுக்குப் போன் பண்ணிட்டேம்மா."

அவள் யோசித்தாள். "அவருக்கும் காட்டல, எனக்கும் காட்டல. சமமாத்தானே ஐயா இருக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதடுதான் அசைந்தது. "உன் தராசுல சமம். அவன் தராசுல அவன் தட்டு தரையில கிடக்கு."

"சேரும்போது நான் ஆசைன்னுதான் எழுதினேன். சேர்த்துக்கிட்டீங்களே ஐயா."

"சேர்த்துக்கிட்டது நான். இப்ப சம்மதிக்க வேண்டியது அவன்." வெளியே பார்த்தார். "பத்து நிமிஷம் தரேன். இந்த அறையில, கதவு திறந்தே இருக்கட்டும். இந்த மாதிரி நான் யாருக்கும் கொடுத்ததில்ல."

அவன் வந்தான். முதல்வர் வராந்தாவில் போய் அவர்களுக்கு முதுகு காட்டி நின்று மழையைப் பார்த்தார். இரண்டு வாளி இடைவெளி இல்லாமல் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது அதுதான் முதல் முறை. புகை வாசம் இல்லாத அவன் வேறு யாரோ போல இருந்தான்.

"கையில என்ன?"

"சிராய். விறகு பிளந்தேன்."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள். பிரதர் என்ற சொல்லை விட்டுவிட்டாள். "பதினோரு நடையில ஏதாவது ஒண்ணுல சொல்லியிருக்கணும்."

"தெரியும். சீட்டைப் பார்த்தே தெரியும்."

"அப்ப ஏன் போறீங்க?"

அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சின்ன வயசுல அப்பா பட்டறையில பக்கத்துக் கடைக்காரரோட ஸ்பேனர் ஒண்ணைத் திருடினேன். அப்பா கண்டுபிடிச்சுட்டாரு. அழுதேன், மன்னிச்சுட்டாரு. ஆனா மன்னிச்சுட்டு ஸ்பேனரை என் கையிலேருந்து வாங்கிட்டாரு. மன்னிப்பு கிடைச்சதுன்னு பொருளை வச்சுக்க முடியாது இல்ல?"

"நான் ஸ்பேனரா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"அவர் பேர்ல பொய் சொல்லித்தான் உங்களைக் கேட்டேன். நீங்க அவர் பேர்ல பொய் சொல்ல மாட்டேன்னு என்னை விட்டுட்டீங்க. இதுக்கு மேல நான் எப்படி வந்து உங்ககூட உக்காந்து சாப்பிடுவேன்?"

"நான் உங்களை விடல. அவங்க கேக்கல."

"சரி. கேக்கல."

வராந்தாவில் முதல்வர் இருமினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. தான் சொல்லப்போவதைத் தன் காதாலேயே கேட்கப் பயமாக இருந்தது.

"நான் அம்மாகிட்ட போய் இப்பக் காட்டிட்டாருன்னு சொல்றேன். நேத்து ராத்திரி ஜெபிச்சேன், காட்டினாருன்னு சொல்றேன். அவங்க சந்தோஷமா எழுதிக்குவாங்க."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நீங்க சொன்னா நான் நம்பிடுவேன்" என்றான்.

"நம்புங்களேன்."

"இங்க மூணு வருஷமா யார் என்ன சாட்சி சொன்னாலும் எனக்குள்ள ஒரு சந்தேகம் இருக்கும். நீங்க சொன்னா இருக்காது. எனக்கு அப்படி ஒரு ஆள்தான் இருக்கு." குரல் இறங்கிவிட்டது. "அதையும் எடுத்துடாதீங்க சிஸ்டர்."

அவன் திரும்பினான். வாசலில் முதல்வருக்கு வணக்கம் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை மதிய பஸ் அரைமணி தாமதமாக வந்தது. ஊழியத்துக்குப் போகிறவரை வாசலில் வரிசையாக நின்று பாடி அனுப்புவது பள்ளியின் வழக்கம். அவள் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசை. பாடினாள். அவன் தகரப் பெட்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கயிறு கட்டினான். மெக்கானிக்கின் மகன் என்பதால் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பஸ் திரும்பியபோது உள்ளே எல்லாத் தலைகளும் ஒரே மாதிரி இருந்தன.

கலைந்து போகும்போது அவள் படி வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். சிமெண்டு மேடையில் அந்த டின் மூடி கவிழ்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். அடியில் சீட்டு எதுவும் இல்லை. உட்புறம் தடவிப் பார்த்தாள். ஈரம்தான்.

ஐந்து மணிக்குச் சாட்சிக் கூட்டம். தோட்டக்காரரின் மூட்டுவலி குறைந்ததாக ஒருவன் சொன்னான். பின்வரிசையில் இருந்த தோட்டக்காரர் இல்லை என்று தலையாட்டினார். வரிசை நகர்ந்து அவளிடம் வந்தது. வழக்கம்போல எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தராசு என்ன சொல்லப்போகிறாள் என்று இரண்டு மூன்று முகங்கள் முன்கூட்டியே சிரித்தன.

அவள் எழுந்து நின்றாள். இந்த வாரம் நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அதில் எதையும் இந்தக் கூடத்தில் வைக்க முடியாது என்று தெரிந்தது.

"இந்த வாரம் முழுசும் கர்த்தர் என்னை அற்புதமா நடத்தினார்," என்றாள். "அவர் சத்தம் எனக்குத் தெளிவா கேட்டுச்சு. அதுக்காக நன்றி."

"ஆமென்," என்றது கூடம். மூன்று வருடத்தில் அவளுக்கு இவ்வளவு பலமான ஆமென் கிடைத்ததில்லை. முதல்வர் தலை குனிந்திருந்தார். நர்ஸக்கா அவளையே பார்த்தாள்.

கூட்டம் முடிந்ததும் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "மூணு வருஷமா உனக்காக ஜெபிச்சேன். இன்னிக்குத்தான் உன் மனசு திறந்திருக்கு."

"ஆமாம்மா," என்றாள் அவள். அதைச் சொல்லவும் கஷ்டமாக இல்லை.

ஞாயிறு மதியம் போனுக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். அவள் முறை வந்தபோது அப்பா மணி அடித்தவுடனே எடுத்தார். அவர் பின்னால் ஆணிகளை யாரோ டப்பாவில் கொட்டும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, இந்த வாரம் என்ன எடை போட்டே?"

"கர்த்தர் அற்புதமா நடத்தினார்ப்பா."

அந்தப் பக்கம் ஆணிச் சத்தம் நின்றது. யாரையோ கொஞ்சம் சும்மா இரு என்று அப்பா அதட்டுவது கேட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்றார்.

அவள் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மூன்று நிமிடம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்லப்பா. மேல ரொம்பக் குளிர்."

"நான் வரட்டுமா?"

"வேண்டாம்ப்பா."

"கிளம்பி வந்துடறியா? இங்க உன் ஸ்டூல் அப்படியேதான் இருக்கு. யாரையும் உக்கார விடல."

"படிப்பு முடியட்டும்ப்பா. நாலு மாசம்தானே."

அப்பா போனை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பெண் அவள் தோளைத் தொட்டு, "அக்கா, நேரம் ஆயிடுச்சு" என்றாள்.